எட்டயபுரத்து ஆலையும் மகாகவியின் கல்வியும்

முத்துக்குளிப்பால் பண்டு தொட்டே உலகறிந்த தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து மதுரை செல்லும் பெருவழியில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் கரிசல் மண் சூழ்ந்த எட்டயபுரம் வரும். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கும் ஊர் அது. மகாகவி சுப்பிரமணிய பாரதியார் பிறந்த ஊரும் அதுவே. இரு பெரும் புலவர்களை ஒரே ஊரில் கொண்ட மாவட்டம் நம்முடையது என்று மேடைதோறும் நாம் பெருமை பேசுகிறோம். பாரதியாரைத் தேசியக் கவியாகவும், பெண் விடுதலை பாடியவராகவும், இதழாளராகவும் கண்டு எழுதப்பெற்ற கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் அவரை ஒரு மாணவராக, பிறர் வகுத்த பாடத்திட்டத்துக்குள் அகப்பட்டுத் திணறிய ஒரு பிள்ளையாக நோக்கியோர் சிலரே. அப்பிள்ளையையும், அவன் கணிதமும் இயந்திர நுட்பமும் பயின்று மேம்பட வேண்டுமென்று கனவு கண்ட தந்தையையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் முயற்சியாகும்.

இம்முயற்சிக்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமுமாகக் கல்லூரி வாயிலில் நிற்கும் காட்சியை நாம் காண்கிறோம். பொறியியலுக்கு வேண்டிய கணிதத்தைத் தந்தை விரும்புகிறார். மகள் ஆங்கில இலக்கியம் என்கிறாள். அல்லது இது தலைகீழாக நிகழ்கிறது. தமிழ் கேட்டு வருவோர் இவ்விரு வரிசையிலும் இடம் கிடைக்காத பின்னரே நம் துறைப் பக்கம் திரும்புகின்றனர் என்பதையும் மறைப்பானேன்? இந்த வழக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே எட்டயபுரத்து வீடொன்றில் தொடங்கிவிட்டது.

தந்தையும் ஆலையும்

பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். வீட்டில் அவருக்கு வழங்கிய பெயர் சுப்பையா. சின்னசாமி ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். தமிழில் பயிற்சி உடையவர். எனினும் அவருடைய உள்ளம் ஈடுபட்டது கணிதத்திலும் இயந்திரங்களிலும் ஆகும். மேலை நாட்டு இயந்திரங்களின் இயல்பைத் தாமே முயன்று அறிந்து கொண்டவர் அவர். பொறியியற் கல்லூரி எதன் நிழலிலும் ஒதுங்காத ஒரு கரிசற்காட்டு மனிதர் இயந்திரத்தைப் புரிந்துகொண்டார் என்பது அந்நாளில் வியப்புக்குரிய செய்தியே.

அக்காலத்து இப்பகுதியின் நிலையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கரிசல் நிலம் பருத்தி விளையும் நிலம். 1876இல் தூத்துக்குடிக்கு இருப்புப் பாதை வந்தது. உள்நாட்டில் விளைந்த பருத்தி துறைமுகத்தை விரைந்து அடைந்து, அங்கிருந்து கப்பலேறிச் சீமைக்குச் சென்றது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் நூற்பாலைகளை நிறுவினர். உழுதவன் இங்கிருந்தான், பஞ்சு இங்கிருந்தது, பொறியும் ஊதியமும் அயலார் கையில் இருந்தன. இந்நிலையில்தான் சின்னசாமி ஐயர் எட்டயபுரத்திலேயே ஒரு பருத்தி ஆலையை நிறுவ முனைந்தார். தம் பொருளையும் அறிவையும் அதிலேயே இட்டார்.

அத்தகைய தந்தை தம் மகனும் கணக்கிலே வல்லவனாக வேண்டும் என்று விரும்பியதில் வியப்பில்லை. மகனுடைய நாட்டமோ வேறு. தந்தை கணக்குச் சொல்லிக் கொடுக்க அமர்ந்தால், பிள்ளை கணக்கு என்ற சொல்லுக்கே எதுகைகளை அடுக்கத் தொடங்கிவிடுவான் என்று வழங்கும் செய்தி பலரும் அறிந்தது. சிரித்துவிட்டுக் கடந்து செல்லும் செய்தியாகவே அதை நாம் வகுப்பில் சொல்லி வருகிறோம். அத்தந்தையின் இடத்தில் நின்று பார்த்தால் அது அத்துணைச் சிரிப்புக்குரியதாகத் தோன்றவில்லை. ஆலைக் கணக்கு மாலைக்குள் முடிந்தாக வேண்டும். அருகிருக்கும் மகன் அசை பிரித்துக் கொண்டிருக்கிறான்.

1887இல் தாய் இறந்தார். அப்போது பிள்ளைக்கு வயது ஐந்து. இரண்டாண்டுகளில் தந்தை மறுமணம் செய்து கொண்டார். தாயற்ற பிள்ளை சமஸ்தானத்துப் புலவர்களிடையே திரிந்து, கேட்ட மாத்திரத்தில் பாடும் ஆற்றலைப் பெற்றான். 1893இல், பதினோராம் வயதில், அவனுடைய கவித்திறனைச் சோதித்தறிந்த எட்டயபுரத்து அவையினர் பாரதி என்ற பட்டத்தை வழங்கினர். மகனின் பட்டத்தைக் கண்டு தந்தை மகிழ்ந்திருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பட்டம் சோறிடாது என்பதைச் சமஸ்தான வேலையில் இருந்த அவர் நன்கறிவார். மறு ஆண்டே மகனை ஆங்கிலக் கல்விக்காகத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்.

நெல்லையில் மூன்றாண்டுகள்

1894 முதல் 1897 வரை பாரதியார் திருநெல்வேலி இந்துக் கல்லூரியின் உயர்நிலைப் பள்ளிப் பிரிவில் பயின்றார். அந்நாளைய பள்ளிக் கல்வி, 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை நோக்கியே வகுக்கப்பெற்றிருந்தது. பல்கலைக்கழகப் படிப்புக்குச் செல்வோர் நூற்றில் ஒருவராக இருப்பினும், எஞ்சியவர் அனைவரும் அந்த ஒருவருக்காக வகுத்த பாடத்தையே பயில வேண்டும். ஆங்கிலமே வாயில். கணிதமும் வரலாறும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்தன. ஆங்கிலக் கவிதையோ உரைக்குறிப்பாகவும் மனப்பாடமாகவும் வந்தது.

இக்கல்வியைப் பாரதியார் எவ்வளவு வெறுத்தார் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. 1910இல் புதுவையில் இருந்தபோது கனவு என்ற பெயரில் அவர் வெளியிட்ட செய்யுள் வடிவான தன்வரலாறு அதைச் சொல்கிறது. அது பின்னர்ச் சுயசரிதை என்ற தலைப்பில் வழங்கலாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் கணிதம் பயின்ற ஒருவர் வானத்தில் ஒரு விண்மீனின் நிலையைக் கண்டறிய இயலாதவராக இருப்பதை அதில் அவர் எடுத்துக்காட்டுகிறார். எண்ணற்ற கவிதைகளைக் கற்றும் கவிதையின் உட்பொருளை அறியாதிருப்பதையும், வணிகமும் பொருள்நூலும் பேசியபடியே தம் நாட்டின் செல்வம் அழிவதைப் பார்த்திருப்பதையும் சாடுகிறார். கம்பர், காளிதாசர், இளங்கோ, வள்ளுவர், பாணினி ஆகியோருடன் பாஸ்கரரையும் அக்கல்வி அறிமுகப்படுத்தவில்லை என்று வருந்துகிறார். தந்தையின் பணம் வீணாயிற்று, தமக்குக் கேடு மிகுந்தது என்பதே அவர் கண்ட முடிவு.

பாஸ்கரரின் பெயர் அவ்வரிசையில் இடம் பெற்றிருப்பது நம் கவனத்துக்குரியது. பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டில் லீலாவதி என்னும் கணித நூலைச் செய்யுளில் இயற்றியவர். கணிதத்தையே வெறுத்த ஒருவர் கணித மேதையைக் காணாமல் ஏங்க வேண்டியதில்லை. பாரதியார் வெறுத்தது கணிதத்தை அன்று. வேரறுத்து நட்ட கணிதத்தையே வெறுத்தார். இவ்விடத்தில் இன்னொன்றையும் நாம் சொல்லத் தோன்றுகிறது. நெல்லைப் பள்ளியில் அப்பிள்ளைக்குக் கற்பிக்கப்பெற்ற அல்ஜீப்ரா என்னும் சொல் அரபு மொழிக்குரியது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரிலிருந்து எழுதிய அல்குவாரிஸ்மியின் நூற்பெயரிலிருந்து அது ஐரோப்பா சென்றது. இந்தியாவில் பிறந்த எண் குறிகள் அரபு அறிஞர் கைப்பட்டே மேற்கை அடைந்தன. நம் கடற்கரைத் துறைகளில் அரபு வணிகர் குதிரை இறக்கி முத்து ஏற்றிய வரலாற்றோடு உறவுடைய அறிவு அது. அதனை இங்கிலாந்தில் அச்சான புத்தகத்தின் வழியாக, அயல்நாட்டுப் பொருளாகவே நம் பிள்ளைகள் பெற்றார்கள்.

விண்மீனைப் பற்றிய அவருடைய குறையும் அப்படித்தான். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி செலுத்திய மாலுமிகள் விண்மீன்களைக் கொண்டே திசை அறிந்தனர். எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களைத் தேர்வு செய்யவில்லை. பள்ளியில் கணிதம் இருந்தது. கடலில் விண்மீன் இருந்தது. இரண்டையும் இணைத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் இல்லை.

இவ்வளவு கடுமையாகப் பழித்த கல்விக்காகவே பாரதியார் கையேந்தவும் நேர்ந்தது என்பதை மறத்தலாகாது. 1897ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு அவர் செய்யுள் வடிவில் விண்ணப்பம் ஒன்று எழுதினார். தம் கல்வி தொடரப் பொருளுதவி வேண்டும் என்பதே அதன் கருத்து. அப்போது அவருக்கு வயது பதினான்கு. வீட்டில் வறுமை நுழைந்துவிட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாளுடன் திருமணம் நடந்தது.

சின்னசாமி ஐயரின் ஆலை நிலைக்கவில்லை. அந்நியர் செய்த சூழ்ச்சியால் தந்தை செல்வம் இழந்தார் என்று கனவு நூலில் பாரதியார் பாடுகிறார். கடலோரத்தில் பெருமுதலோடு எழுந்த ஆலைகளின் முன்னே கரிசற்காட்டில் தனியொருவர் முயற்சி நிற்பது அரிது என்பது வெளிப்படை. பொருளும் போய், நண்பரும் விலகி, மனம் நொந்த நிலையில் 1898 ஜூலை மாதம் சின்னசாமி ஐயர் இறந்தார். மகனுக்குப் பதினாறு வயது நிரம்பவில்லை.

சின்னசாமி ஐயரைக் கவிஞரின் கவிதைக்குக் குறுக்கே நின்ற தந்தையாகச் சித்திரிப்பது நம் மேடைகளின் வழக்கம். அது நீதி அன்று என்பது நம் கருத்து. அவர் விரும்பிய கணிதம் பஞ்சைப் பொதியாக்கும் கணிதம். பொறியை ஓட்டும் கணிதம். அவர் மகனை அனுப்பிய பள்ளியில் கிடைத்ததோ தேர்வுத்தாளை நிரப்பும் கணிதம். தந்தையின் கனவும் அப்பள்ளியில் இல்லை. மகனின் கவிதையும் அங்கு இல்லை. இருவருமே ஏமாற்றப்பட்டனர் என்று கொள்வதே பொருந்தும்.

காசியும் ஷெல்லியும்

தந்தை இறந்த பின்னர்ப் பாரதியார் காசியில் இருந்த அத்தை குப்பம்மாளிடமும் அவர் கணவர் கிருஷ்ண சிவனிடமும் சென்று சேர்ந்தார். அனுமன் கட்டத்துச் சிவமடம் அவருக்கு இல்லமாயிற்று. மிஷன் கல்லூரியிலும் ஜெயநாராயண் கல்லூரியிலும் பயின்றார். வடமொழியும் இந்தியும் கற்றார். 1887இல் நிறுவப்பெற்ற அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் சிறப்புறத் தேறினார். பல்கலைக்கழகம் என்ற மாளிகையின் முதற்படி அது. அவர் ஏறிய கடைசிப் படியும் அதுவே. பட்டப்படிப்பு எதனையும் அவர் முடிக்கவில்லை.

நெல்லையில் கசந்த ஆங்கிலம் காசியில் இனித்ததற்குக் காரணம் யாது? வகுப்பறைக்கு வெளியே, உரைக்குறிப்பின் துணையின்றி, தாமே விரும்பி அவர் ஆங்கிலக் கவிஞர்களைப் படித்தார். ஷெல்லி அவர் உள்ளத்தைக் கவர்ந்தார். அடிமைத்தளையை வெறுத்த அந்த ஆங்கிலக் கவிஞரிடம் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான உணர்வை இந்திய இளைஞர் ஒருவர் பெற்றது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1902 வாக்கில் எட்டயபுரம் மன்னரின் அழைப்பின் பேரில் ஊர் திரும்பி அரண்மனைப் பணியில் அமர்ந்த பின்னர், ஷெல்லியின் பெயரால் ஒரு சங்கத்தை அமைத்து நண்பர்களுக்கு அக்கவிதைகளைப் படித்து விளக்கினார். ஷெல்லிதாசன் என்ற புனைபெயரிலும் எழுதினார். கரிசல் ஊர் ஒன்றில், பாடத்திட்டமும் மதிப்பெண்ணும் இல்லாமல், ஆங்கில இலக்கியம் மாலை வேளைகளில் பயிலப்பட்டது. பல்கலைக்கழக வகுப்புகளிலும் அத்தகைய படிப்பு எளிதில் வாய்ப்பதில்லை.

அரண்மனைப் பணி அவருக்கு ஒத்துவரவில்லை. 1904 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். விடுப்பில் சென்ற அரசஞ்சண்முகனாருக்குப் பதிலாகக் கிடைத்த தற்காலிக இடம் அது. ஏறத்தாழ நூறு நாள்கள். தமிழில் எந்தப் பட்டமும் பெறாதவர் அவர். இன்றைய விதிகளின்படி பார்த்தால், தகுதித் தேர்வும் ஆய்வுப் பட்டமும் இன்றி அவருடைய விண்ணப்பம் நம் துறைத்தலைவரின் மேசை வரைகூட வந்திராது. அவருடைய கவிதைகளைப் பாடமாக நடத்தி நாம் ஊதியம் பெறுகிறோம் என்பது வேறு செய்தி.

1904 நவம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று சுதேசமித்திரன் நாளிதழில் உதவியாசிரியராக்கினார். அங்கு அவருக்கு வாய்த்த முதன்மையான வேலை ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது. அவர் பழித்த ஆங்கிலமே அவருக்குச் சோறிட்டது என்று சொல்வது கடுமையாகப் படலாம், ஆனால் உண்மை. தமக்கு அக்கல்வியால் துளியும் பயன் இல்லை என்று அவர் பாடியதை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. புண்பட்டவர் புண்ணைப் பற்றிச் சொல்லும்போது அளவு மிகுதல் இயல்பு. 1907இல் பாலபாரதம் என்னும் ஆங்கில இதழையே நடத்தும் அளவுக்கு அம்மொழி அவர் வசப்பட்டிருந்தது. பின்னாளில் வால்ட் விட்மன் என்ற அமெரிக்கக் கவிஞரைத் தமிழர்க்கு அறிமுகம் செய்ததும், ஜப்பானியரின் குறுங்கவிதைகளைப் பற்றி எழுதியதும், தாகூரின் ஆக்கங்களைத் தமிழில் தந்ததும் ஆங்கிலம் என்ற சாளரத்தின் வழியாகத்தான்.

கப்பலும் பாட்டும்

1906இல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். பாரதியாருக்கும் வ.உ.சி.க்கும் ஏற்பட்ட நட்பு யாவரும் அறிந்தது. அவர்தம் தந்தையர் இருவரும் முன்பே ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதைப் பலர் அறியார். ஓட்டப்பிடாரம் எட்டயபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட ஊர்தானே. சின்னசாமி ஐயர் ஆலையில் இழந்த போரை அடுத்த தலைமுறையில் வ.உ.சி. கடலில் தொடங்கினார் என்றே நாம் இதனைக் காண்கிறோம். 1907இல் அச்சங்கத்தின் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பாரதியார் தம் இந்தியா வார இதழில் அம்முயற்சியை இடையறாது போற்றி எழுதினார். 1908 தொடக்கத்தில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். அடுத்து வ.உ.சி. சிறைப்பட்டார், இந்தியா இதழின் பதிவாசிரியரும் கைது செய்யப்பெற்றார். பாரதியார் புதுவை சென்றார்.

பாரத தேசம் என்று தொடங்கும் அவருடைய பாடலை நம் மாணவர் அனைவரும் அறிவர். பள்ளி விழாக்களில் பாடிப் பாடிப் பொருள் தேய்ந்து போன பாடல் என்றும் சொல்லலாம். தந்தையின் கதையை நினைவிற் கொண்டு அதை மீண்டும் படித்துப் பாருங்கள். தென்கடலில் முத்துக் குளிப்பதும், பல நாட்டு வணிகர் பொருளோடு நம் கரைக்கு வந்து நிற்பதும் அதில் வருகின்றன. கடலில் கப்பல் விடுவதும், ஈழத்துக்குப் பாலம் அமைப்பதும், ஆற்றுநீரைத் திருப்பி வறண்ட நிலம் பாய்ச்சுவதும், பஞ்சிலும் பட்டிலும் ஆடை நெய்து மலை மலையாகக் குவிப்பதும் வருகின்றன. ஆலை வைப்பதும் கல்விச்சாலை வைப்பதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. வானை அளக்கும் ஆசையும், திங்களின் இயல்பைக் கண்டு தெளியும் ஆசையும் அங்கே உண்டு. கணக்குக்கு எதுகை தேடிய பிள்ளை பாடிய பாட்டா இது? ஒரு பொறியாளரின் திட்ட அறிக்கைக்குச் சந்தம் அமைத்தது போன்றிருக்கிறது. எட்டயபுரத்தில் நின்று போன அந்த ஆலை இப்பாட்டில் மீண்டும் ஓடுகிறது என்று நாம் எண்ணுகிறோம். தந்தையைப் பற்றி அவர் நேராகப் பாடிய இடத்தில் இரக்கம் இருக்கிறது. இங்கே தந்தையின் கனவே இருக்கிறது.

கனவு நூல் வெளிவந்த அதே 1910ஆம் ஆண்டில் ஹேலி வால்மீன் தோன்றியது. அவ்வாண்டுக்குத் தமிழ் வழக்கில் சாதாரண ஆண்டு என்று பெயர். பாரதியார் அவ்வால்மீனை விளித்து ஒரு பாடல் இயற்றினார். அதன் வால் மிக மெல்லிய ஆவியால் ஆனது என்பதையும், அது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வருகிறது என்பதையும் அதில் சொல்கிறார். பன்னிரண்டு ஆண்டுக் கணிதம் காட்டாத விண்ணைத் தாமே தேடிப் படித்துக் கண்டார் எனலாம். அவ்வறிவை அயலார் நூலின் வழியாக அறிய நேர்ந்ததே என்ற துயரமும் அப்பாட்டில் ஒலிக்கிறது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் கொல்லப்பட்டதும் புதுவையில் இருந்தோர் மீது காவல் இறுகியது. 1911இல் கனவு நூலை அரசு தடை செய்தது. பள்ளிப் பாடத்தின் மீது குறை சொன்ன செய்யுள் நூல் ஓர் அரசுக்கு அச்சம் ஊட்டியிருக்கிறது என்பதை நம் பாடத்திட்டக் குழுவினர் எண்ணிப் பார்க்கலாம்.

பாரதியார் வகுத்த பாடத்திட்டம்

குறை சொல்லியதோடு அவர் நிற்கவில்லை. பின்னாளில் எழுதிய தேசியக் கல்வி என்ற கட்டுரையில் ஊர்தோறும் பள்ளி அமைக்கும் முறையை விரிவாக வகுத்துக் காட்டினார். கவிஞர் எழுதிய கட்டுரை என்று எண்ணிப் படிப்போர் அதில் உள்ள நடைமுறைத் தெளிவைக் கண்டு வியப்பர். எழுத்து, படிப்பு, கணக்கு என்று தொடங்கி, வரலாறு, நிலநூல், சமயம், அரசியல், பொருளியல், அறிவியல், கைத்தொழில், வேளாண்மை, வணிகம், உடற்பயிற்சி, கல்விச் சுற்றுலா வரை அது செல்கிறது. நிலநூலோடு கதிரவன் மண்டலமும் கோள்களும் விண்மீன்களும் அவற்றின் இயக்கமும் கற்பிக்கப்பட வேண்டும் என்கிறார். நெல்லையில் தமக்குக் கிடைக்காத விண்மீனை அவர் மறக்கவில்லை. அறிவியலைக் கருவிகளையும் சோதனைகளையும் கொண்டே கற்பிக்க வேண்டும் என்கிறார். அனைத்தும் தமிழிலேயே நடைபெற வேண்டும் என்பது அவருடைய உறுதி. அதற்கு வேண்டிய கலைச்சொற்களைப் பற்றியும் தனியே எழுதியிருக்கிறார்.

அப்பள்ளிக்கு ஆசிரியர் தேடும்போது உயர்ந்த பட்டம் பெற்றோர் வேண்டியதில்லை, நுழைவுத் தேர்வில் தேறியோர் போதும், அதில் தவறியோர் கிடைத்தால் மேலும் நன்று என்று அவர் எழுதியிருப்பது நம் போன்றோரைச் சற்றே நெளிய வைக்கும். நகைச்சுவையாகச் சொன்னார் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

அவர் கேட்டவற்றுள் சில காலம் கடந்து வந்தன. 1984இல் எட்டயபுரத்துக்கு அண்மையில் கோவில்பட்டியில் பொறியியற் கல்லூரி தோன்றியது. 1990இல் நெல்லையில் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரால் பல்கலைக்கழகம் அமைந்தது. தமிழ்ப் பேராசிரியராக அன்றி மெய்யியல் பேராசிரியராக விளங்கிய கவிஞர் ஒருவர் பெயரை அது தாங்கியிருப்பதும் பொருத்தமே. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. சின்னசாமி ஐயருக்கு அத்தகைய வகுப்பொன்று வாய்த்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆனால் கணிதம் பயிலும் மாணவர் இலக்கிய வகுப்பைக் கடனே என்று கழிப்பதும், இலக்கிய மாணவர் எண்ணைக் கண்டு அஞ்சுவதும் மாறியதாகத் தெரியவில்லை. முதற்பகுதித் தமிழ்த் தாளைத் தேர்வுக்கு முந்திய இரவுக்கென்று ஒதுக்கி வைக்கும் கணித மாணவரை நாம் நன்கறிவோம். அவர்களைக் கடிந்து கொள்வதைக் காட்டிலும், பாஸ்கரரையும் வால்மீன் பாட்டையும் அவர்கள் முன் வைப்பது பயன் தரக்கூடும்.

இறுதி ஆண்டுகள்

1918 நவம்பர் 20ஆம் நாள் புதுவையை விட்டு வெளியேறிய பாரதியார் கடலூர் அருகே கைது செய்யப்பெற்று, டிசம்பர் மாதம் விடுதலையாகி, மனைவியின் ஊராகிய கடையம் சென்றார். வறுமை அவரை விடவில்லை. 1919இல் எட்டயபுரம் மன்னருக்கு மீண்டும் சீட்டுக்கவி எழுதினார். பதினான்கு வயதில் கல்விக்காக எழுதியவர், முப்பத்தாறாம் வயதில் வாழ்க்கைக்காக எழுதினார். இம்முறை இரக்கும் குரல் இல்லை. தமிழுக்குத் தாம் செய்த தொண்டை அறிந்த ஒருவரின் நிமிர்ந்த குரலே இருந்தது. அரண்மனையிலிருந்து பயன் ஒன்றும் விளையவில்லை.

கடையத்தில் இருந்த நாள்களில் அருகிலுள்ள பொட்டல்புதூர் முஸ்லிம் பெருமக்களின் அழைப்பை ஏற்று, இஸ்லாத்தின் மேன்மையைப் பற்றி அவர் உரையாற்றினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உறுதியையும், சிறுபான்மையாய் நின்று பகைவரின் கொடுமைகளைத் தாங்கிய பொறுமையையும் அவர் உளமாரப் போற்றிய உரை அது. இறைவனை அல்லாஹ் என்று விளித்துப் பாடிய பாடலும் அவருக்கு உண்டு. நம் சமுதாயத்தார் அவரைத் தம்மவராகவே போற்றி வருவதற்கு இவ்வுரையும் பாடலும் காரணமாகும்.  இதுவும் அவர் தாமே தேடிப் படித்த பாடமே.

1920இன் இறுதியில் மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் அமர்ந்த அதே பணி. அதே ஆங்கிலத்திலிருந்து அதே தமிழாக்கம். திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். 1921இல் அங்குள்ள கோயில் யானையால் தள்ளப்பட்டுக் காயமுற்றுத் தேறினார். அதன் பின்னர் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்துக்குச் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருளில் உரையாற்றினார். செப்டம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், முப்பத்தொன்பதாம் வயது நிரம்பும் முன்னரே, வயிற்றுப்போக்கினால் நலிந்த அவ்வுடல் ஓய்ந்தது. இறுதி ஊர்வலத்தில் உடன் சென்றோர் மிகச் சிலரே.

கல்கி அவர்களின் முன்முயற்சியால் தமிழ் மக்கள் திரட்டிய பொருளைக் கொண்டு எட்டயபுரத்தில் எழுந்த பாரதி மணிமண்டபம் 1947இல் திறந்து வைக்கப்பெற்றது. 1949இல் அவருடைய நூல்களின் பதிப்புரிமையை அரசு பெற்று, பின்னர் நாட்டு மக்களுக்கு உரியதாக்கியது. அவர் பிறந்த இல்லமும் நினைவில்லமாகக் காக்கப்பட்டு வருகிறது. நம் துறை மாணவர் ஆண்டுதோறும் அவ்வூருக்குச் சென்று வருதல் நன்று. உமறுப்புலவர் அடக்கத்தலத்தையும் மணிமண்டபத்தையும் ஒரே நாளில் கண்டு திரும்பலாம். சின்னசாமி ஐயரின் ஆலைக்குரிய நினைவுச் சின்னத்தை மட்டும் அவர்கள் அப்பாட்டுக்குள்ளேதான் தேட வேண்டும்.